மிளகு தங்கிய விரிசல்

விரிசல் செய்வது என் வேலை. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். கான்கிரீட் தானாகவே விரிசல் விடுமே, அதற்கு ஒரு ஆள் சம்பளம் வாங்க வேண்டுமா என்பார்கள். தானாக விடும் விரிசல் தன் இஷ்டத்துக்கு விடும்; சோதனைக்கு உதவாது. கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் நடுவே, லோரிகள் ஓயாத சாலையின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் சோதனைக்கூடம். அங்கே ஈரக் கான்கிரீட்டுக்குள் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி வைப்பேன். கான்கிரீட் இறுகத் தொடங்கியிருக்கும், முழுதாக இறுகியிருக்காது. அந்த வேளை பார்த்துத் தகட்டை உருவ வேண்டும். சீக்கிரம் உருவினால் வாய் மூடிக்கொள்ளும். தாமதித்தால் தகடு வராது. சரியாக உருவினால் நூல் அகலத்தில் ஒரு இருட்டு நிற்கும். அந்த இருட்டின் மேல் உப்புத் தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

காத்திருப்பது எனக்கு வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நடக்கத் தோன்றும். கொமுட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பும்போது இருக்கை காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டு, கடந்துபோகும் பாலங்களின் அடிவயிற்றைப் பார்த்தபடி வருவேன். மோனோரயில் தூண்களுக்கு நடுவே வீட்டுக்கு நடக்கும்போது பூக்கடை, வடைக்கடை எதுவும் கண்ணில் படாது. தூணில் ஓடும் மயிரிழைக் கோடுதான் படும். பெரும்பாலும் அவை ஒன்றும் செய்யாத கோடுகள், மேல்பூச்சின் சுருக்கங்கள். ஆனாலும் கை போய்த் தடவிவிடும். இப்படிப்பட்ட ஒருத்திக்கு, உப்பு கான்கிரீட்டுக்குள் நகரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை வாய்த்தது.

உப்பு கான்கிரீட்டோடு சண்டைக்குப் போவதில்லை. அதற்குள் வழி கேட்டு, ஈரம் காட்டிய வழியில் போய்க்கொண்டே இருக்கும். அது தேடுவது உள்ளே படுத்திருக்கும் இரும்புக் கம்பியை. போதுமான உப்பு கம்பியிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் துரு தொடங்கும். துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் மேலே இருப்பதைப் பிளந்துகொண்டு வெளியேறும். அப்போதுதான் வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

கடல் கழிமுகமாக உள்ளே நுழையும் இடத்தில், போர்ட் கிள்ளான் பக்கம், ஒரு அம்மன் கோவில். கருவறை மண்மேட்டின் மேல் இருக்கிறது. முன்மண்டபம் மட்டும் தூண்களின் மேல். பெரிய ஏற்றத்தின்போது கடல் தண்ணீர் அந்த வட்டாரத்துக்குள் வந்துவிடும் என்பதால் அப்படிக் கட்டியிருந்தார்கள். மண்டபத்தின் கீழே நிழலான, காற்றோட்டமான இடம். வெள்ளிக்கிழமைகளில் அங்கேதான் சாப்பாடு போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பந்தி நடந்துகொண்டிருந்தபோது மேலிருந்து தோசைக்கல் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து, ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ரசம் மட்டும் தெறித்தது.

கோவில் தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தச் சில்லை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“ஆடி கடைசி வெள்ளி வருது மிஸ். வட்டாரமே வந்து உக்காந்து சாப்பிடும். அதுக்கு முன்னால பாத்துச் சொல்லுங்க. ஒட்டுப் போடறதா இருந்தா போட்டுடலாம்.”

“ஒட்டுப் போட்டா போதுமான்னு தெரியணும்ல அங்கிள்.”

“போதும்னு சொல்லுங்க லா. நல்ல வார்த்தையா சொல்லுங்க.”

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தளத்தின் கீழே ஆட்களை உட்கார வைக்கலாமா, கூடாதா.

கணினிப் பக்கத்தைப் பார்ப்பவர் என் வயதுக்காரர், தினமும் காஜாங்கிலிருந்து வருபவர். அவரை நான் ‘காஜாங்’ என்றே கூப்பிடுவேன். அவர் என்னை ‘தண்ணி ஊத்தறவ’ என்பார். நான் மாதக்கணக்கில் உப்புத் தண்ணீர் கட்டிக் கண்டுபிடிப்பதை அவர் ஒரு மத்தியானத்தில் திரையில் ஓட்டிக் காட்டிவிடுவார் என்பது அவர் பெருமை. தளத்தைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கான்கிரீட் எவ்வளவு இறுக்கம், எவ்வளவு ஈரம், விரிசல் எங்கே, என்ன அகலம் என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார். உப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் கொடுக்க வேண்டும். அதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கடல் மேற்கே இருந்தது. கடற்காற்று மேற்கேயிருந்து வந்தது. சில்லு பெயர்ந்ததும் மேற்கு ஓரத்தில்தான்.

மாடல் ஓடியது. மேற்கு ஓரம் சிவப்பானது, அதை ஒட்டி மஞ்சள், நடு மண்டபம் முழுக்க நீலம். நீலம் என்றால் பயமில்லை. நடுவில் மேல்பக்கம் நீளமாக ஒரு விரிசல் இருந்ததை நான் குறித்துக் கொடுத்திருந்தேன். ஆனால் உப்பே வராத இடத்தில் விரிசல் இருந்து என்ன செய்யும்? வீட்டுக்கு வழி திறந்திருக்கிறது, வருவதற்கு யாரும் இல்லை. ஓரத்தை மட்டும் செதுக்கிப் புதுசாகப் பூசினால் ஆடி வெள்ளியை அங்கேயே நடத்தலாம் என்று காஜாங் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தலைவருக்குப் போனில் சொன்னபோது, கோவில் மணி அடிப்பதைக் கேட்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தார்.

ஆனாலும் தளத்தைத் துளைத்துப் பார்க்காமல் எழுத்தில் கொடுக்க முடியாது. துளை போடுபவர் ஒரு மலாய்க்காரர். எல்லோருக்கும் அவர் அபாங், அதாவது அண்ணன். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர், தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். மண்டபத்தில் ஏறும்போதே பிரச்சினை வந்தது. கோவிலில் செருப்புக் கூடாது. துளை இயந்திரத்தோடு வெறுங்காலும் கூடாது.

“கால் போச்சுனா உங்க அம்மன் புதுசு குடுக்குமா பாஸ்?” என்றார் அபாங் தலைவரிடம்.

தலைவர் தலையைச் சொறிந்தார். பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய், இதுவரை தரையையே தொடாத ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்தார். அபாங் அதைப் படியின் உச்சியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். நாங்கள் வருகிறோம் என்று மண்டபத்தை முந்தின நாளே பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்கள். வழுக்கும் என்று டைல்ஸ் பதிக்காமல் விட்ட வெறும் சிமெண்ட் தரை. ஈரம் காயாமல் மினுங்கியது. மேற்கு ஓரத்தில் இரண்டு துளை. நடுவில், பலிபீடத்துக்குப் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டதைக் கெட்டது என்று சொல்ல முடியும்.

துளைத்து எடுத்த உருளைகளைக் கூடத்தில் நெடுக்காகப் பிளந்து, புதிதாய்த் திறந்த முகத்தில் சில்வர் நைட்ரேட் தெளிப்போம். உப்பு ஏறிய பகுதி வெள்ளையாகும். ஏறாத பகுதி வெளிச்சத்தில் மெல்லப் பழுப்பாகும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே நிமிடம் அதுதான். இத்தனை நாள் கல்லுக்குள் யாருக்கும் தெரியாமல் நடந்தது, முகத்துக்கு நேரே எழும்பி வரும்.

மேற்கு ஓரத்து உருளைகள் நாங்கள் எதிர்பார்த்தபடியே வெளுத்தன. மூன்றாவது, அந்த நல்ல உருளை, மேல்பக்கத்திலிருந்து கம்பி படுத்திருந்த தடம் வரை ஒரே வெள்ளை. பழுப்பு அடியில் ஒரு பட்டையாகத்தான் மிச்சம்.

காஜாங் எட்டிப் பார்த்தார். “லேபிள் மாறிப் போச்சு.”

“மாறல.”

“மாறாம எப்படி லா? இது ஓரத்துத் துண்டு.”

அபாங் கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “நான் எழுதினா எழுதினதுதான். உன் கம்ப்யூட்டர நீ கழுவு.”

உருளையின் இன்னொரு பாதியை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பொடியாக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு குளோரைடு என்று பார்த்தேன். வெள்ளை பொய் சொல்லவில்லை. நடு மண்டபத்தில், கடலுக்கு எட்டாத இடத்தில், கடலோரத்தைவிட அதிக உப்பு. அதுவும் மேலேயிருந்து இறங்கிய உப்பு.

காஜாங் மாடலில் காற்றைக் கூட்டிப் பார்த்தார். நடுவில் அத்தனை உப்பு வரும்படி கூட்டினால், மேற்கு ஓரம் எப்போதோ கடலில் விழுந்திருக்க வேண்டும் என்றது கணினி. கடல் மணலில் கலந்து கட்டினார்களா என்று பார்த்தோம். அப்படியானால் அடிப்பட்டையும் வெளுத்திருக்கும், வெளுக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“மாடல் பொய் சொல்லாது.”

“சொல்லாதுதான். நீ கேக்காதத அது சொல்லவும் சொல்லாது.”

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கொமுட்டர் நிலையத்துக்கு வந்தவள், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போகும் ரயிலை விட்டுவிட்டு எதிர்த்திசையில் ஏறினேன். ஏன் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. கால் அப்படிப் போனது. கோவிலுக்கு எங்கள் ஆட்கள் போனதெல்லாம் வார நாள் காலைகளில், வேலை நேரத்தில். நான் ஒருமுறைகூட அங்கே சாமி கும்பிடுகிறவளாகப் போனதில்லை.

மாலைப் பூசை முடிந்திருந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். படியோரம் ஒரு ஆன்டி பிளாஸ்டிக் பொட்டலங்களில் உப்பும் மிளகும் விற்றுக்கொண்டிருந்தார். அதைக் கடந்து நான்கு படி ஏறிய பிறகுதான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பிறகு மேலே பார்த்தேன்.

பலிபீடத்தைச் சுற்றி உப்பு. வெள்ளை வெளேரென்று, முழங்கால் உயரத்துக்குச் சரிந்த குவியல். நடுநடுவே மிளகு கறுப்புப் புள்ளிகளாக. ஒவ்வொருவராக வந்து, பொட்டலத்தை நெற்றிவரை உயர்த்தி, வாய்க்குள் எதையோ சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் வாளியோடு வந்து, மிதிபட்டுச் சிதறியதன் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். கரைந்த உப்பு தரையில் பளபளவென்று ஓடி, கொஞ்சம் வடிகாலுக்குப் போனது. கொஞ்சம் போகவில்லை.

சின்ன வயதில் கையில் மரு வந்தபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உப்பும் மிளகும் போட வைத்திருக்கிறார். உப்பு கரைவதுபோலக் கரைந்துவிடும் என்றார். அதிலிருந்து எத்தனையோ கோவில்களில் அந்தக் குவியலைச் சுற்றி வந்திருக்கிறேன். பகலெல்லாம் தராசில் உப்பை நிறுத்துக் கரைத்துக் கான்கிரீட் மேல் ஊற்றுகிறவள் நான். ஒரு நாளும் அந்த உப்பையும் இந்த உப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. விரிசலைக் குறிக்க வந்த காலையில், பலிபீடத்தடியில் மிச்சமிருந்த உப்பைத் தாண்டித்தான் போயிருப்பேன். அது வேண்டுதல். வேண்டுதலை யார் குளோரைடு என்று எழுதுவார்கள்? காஜாங்கும் நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலைக்கு வராதவர்தான். அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்குப் பதில் இந்த வழக்கம் தெரியாத யார் வந்திருந்தாலும், இது என்ன, ஏன் கொட்டுகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்க வேண்டியிராத ஆட்கள்.

குனிந்தேன். விரிசல் குவியலின் அடியிலிருந்து வெளிப்பட்டுத் தூண் வரை போயிற்று. அதன் வாயில் வரிசையாக மிளகு தங்கியிருந்தது. உள்ளே போக இடம் போதாமல் நின்றுவிட்ட மிளகு. உப்புக்கு அந்தத் தடை கிடையாது.

“என்னத்த தொலச்சீங்க மிஸ்?”

பக்கத்தில் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் சால்வை சுற்றியிருந்தார்.

“ஒண்ணும் இல்ல அக்கா. சும்மா பாத்தேன்.”

“உப்பு வாங்கலையா? இந்தாங்க, பாதி எடுத்துக்கங்க. இந்த அம்மன் கணக்கெல்லாம் பாக்க மாட்டா.” என் உள்ளங்கையில் கொட்டிவிட்டார்.

“யாருக்காகப் போடறீங்க?”

“வீட்டுக்காரருக்கு. கிட்னி. வாரத்துல மூணு நாள் கிள்ளான்ல மெஷின்ல படுக்கறாரு. டாக்டர் உப்பே ஆகாதுன்னுட்டாரு. வீட்டுல யாருக்குமே குழம்புல உப்பு கெடையாது இப்ப. பிள்ளைங்க திட்டுதுங்க.” சிரித்தார். “அவருக்கு ஆகாதத இவகிட்ட கொண்டாந்து கொட்டிடறேன். நீயே வச்சுக்கடின்னு. ஒரு வாரம் விடல. விட்டா என்னமோ ஆயிடும்னு பயம்.”

கண்ணை மூடிக்கொண்டு அவர் கொட்டினார். உப்பு விழும் சத்தம் மழை தொடங்கும் சத்தம் போல இருந்தது. நான் கொட்டவில்லை. கையை மூடிக்கொண்டேன். படியிறங்கிய பிறகு கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை காஜாங்கிடம் சொன்னேன். அவர் மாடலிலிருந்து கடலை அழித்துவிட்டு, பலிபீடம் இருந்த கட்டங்களின் மேல் உப்பை வைத்தார். வாரா வாரம் நனைவதையும் காய்வதையும் வைத்தார். விரிசலைத் திறந்துவிட்டார். மாடல் ஓடியது. நடுவிலிருந்து சிவப்பு விரிசலைப் பிடித்து இறங்கி, கம்பியோடு கம்பியாக இருபக்கமும் படர்ந்தது. அந்த ஆழத்தை என் உருளையின் வெள்ளையோடு ஒட்டிப் பார்த்தோம். பொருந்தியது. பொருந்தினால் இந்த வேலையில் ஒரு சந்தோஷம் வரும். அன்று வரவில்லை.

“அம்மனுக்குனு ஒரு கட்டம் வச்சிருக்கணும் லா,” என்றார். அது நகைச்சுவைதான். இருவரும் சிரிக்கவில்லை.

கோவில் அலுவலகத்தில் தலைவரோடு உட்கார்ந்து, பிளந்த உருளையை மேசையில் வைத்தேன். மண்டபத்தின் மேல் யாரும் நிற்கக் கூடாது, கீழே யாரும் உட்காரக் கூடாது, உடனே இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும் என்றேன். ஆடிப் பந்தி அங்கே நடக்காது.

“போன வாரம் ஓரத்த மட்டும்னீங்க.”

“ஆமா அங்கிள். துளைச்சுப் பாத்தபிறகு மாறிடுச்சு.”

எதனால் என்று சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“அம்மனுக்குப் போட்ட உப்பு அம்மன் மண்டபத்தையே இடிக்குதுன்னு நான் மைக் புடிச்சு சொல்லவா? நாளைக்கு இந்தப் படியில எவனாவது ஏறுவானா?”

“அப்படிச் சொல்ல வேணாம். இடத்த மாத்துவோம். கோவிலுக்கு வெளிய, கடல் பக்கம், மண்ணுல.”

“மண்ணு?”

“அந்த மண்ணு ஏற்கனவே உப்புதான் அங்கிள். அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

அவர் சன்னல் வழியாக, கீழே அடுப்புகள் அடுக்கிக் கிடந்த நிழலைப் பார்த்தார். பந்தியில் முதல் வரிசையில் யார் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியும்: பிள்ளைகள். கிரேன் ஓட்டியவர், தலைக்கு மேல் பாரம் தொங்கும்போது அடியில் ஆள் நிற்கக் கூடாது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. “சரி,” என்றார். “டெண்ட் போடுவோம்.”

ஆடி கடைசி வெள்ளிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டார்கள். மண்டபத்தின் கீழே முட்டுகள் காடு மாதிரி நின்றன. படியின் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா. சாமி பார்க்கப் பக்கவாட்டில் தனி வழி. தலைவர் சோற்று வாளியோடு என்னைக் கடக்கும்போது, “விழவே இல்லையே மிஸ்?” என்று குத்திவிட்டுப் போனார்.

“முட்டுக் குடுத்திருக்கோம்ல?” என்றேன். ஆனால் அவர் சொன்னதும் சரிதான். விழாதது எதையும் நிரூபிக்காது. விழுந்திருக்குமா என்று எனக்கு எந்நாளும் தெரியப்போவதில்லை. என் வேலை சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காது.

நாடாவின் அருகே அந்த அக்கா பொட்டலத்தோடு நின்றிருந்தார். தாண்டிப் போய்விடுவார் போலிருந்தது. அருகில் போனேன்.

“அன்னைக்குக் குனிஞ்சு பாத்தீங்களே,” என்றார் என்னைப் பார்க்காமல். “வேலை நடக்குது, வேலை நடக்குதுன்னு சொல்றாங்க. என்னா வேலைன்னு யாரும் சொல்லல. என் உப்பா மிஸ்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலைவருக்கு அதுதான் வேண்டும்.

“எல்லாருடையதும் அக்கா. உங்களதும் இருக்கு.”

பையில் உருளையின் பாதி இருந்தது. எடுத்துக் காட்டினேன். இதுதான் தரை, இதுவரை வெள்ளை, இந்தப் பள்ளம் கம்பி கிடந்த தடம் என்றேன். அவர் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு வெள்ளையை விரலால் தொட்டார். மேலிருந்து கீழே, மெதுவாக, பள்ளம் வரை தடவிக்கொண்டு போனார்.

“இவ்ளோ ஆழமா,” என்றார். பிறகு, “கூட்டி வடிகால்ல தள்ளிடறாங்கன்னு நான் நெனச்சேன்.”

அவர் குரலில் இருந்தது பயமா நிம்மதியா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

சேர்ந்தே புதிய இடத்துக்கு நடந்தோம். செங்கல் கட்டி மண் நிரப்பிய ஒரு சதுரம். அப்பால் சேறு, கண்டல் மரங்கள், தண்ணீர். அதிகம் பேர் போட்டிருக்கவில்லை. அவர் தயங்கினார்.

“இங்க போட்டா இவளுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியல அக்கா.”

“எனக்கும் தெரியல,” என்று சொல்லி, கண்ணை மூடி, கொட்டினார். இந்த முறை சத்தமே இல்லை, மண் வாங்கிக்கொண்டது. நான் கைக்குட்டையை அவிழ்த்தேன். அன்று அவர் கொடுத்த உப்பு வியர்த்துக் கட்டியாகியிருந்தது. உடைத்து, அவருடையதன் பக்கத்தில் போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டார். உங்க வீட்டுக்காரருக்குத்தான் என்றேன். தலையாட்டினார்.

கூடாரத்தில் அக்காவின் வீட்டுக்காரருக்கென்று ஒரு டப்பா எடுத்து வைத்திருந்தார்கள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு. சமையல்காரர் ஒவ்வொரு வாரமும் தனியாக வைப்பாராம். கார் சன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, முட்டுகள் நின்ற அந்தக் காலி நிழலைப் பார்த்தபடி ஒரு மெலிந்த மனிதர் காத்திருந்தார். அக்கா டப்பாவின் மூடியைத் திறந்து அவரிடம் காட்டினார். அவர் முகத்தைச் சுளித்தார். அக்கா என்னவோ சொல்லி அதட்டினார். அவர் வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்.